மூன்றாவது கரண்டி ரசம்

யாரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட ஆசை என்று கேட்டால் எல்லோரும் ஆளின் பெயரைத்தான் சொல்கிறார்கள். இலையில் என்ன விழும், எத்தனை மணிக்கு உட்காருவது, யார் பரிமாறுவது, எப்போது எழுந்திருப்பது என்பதை ஒருவரும் சொல்வதில்லை. காமராஜர் என்பார்கள். உட்காரலாம்தான், ஆனால் பேச்சுக்கு ஆசைப்பட்டுப் போனால் ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்ற இரண்டு சொல்லோடு கை கழுவிவிட்டு வர வேண்டியதுதான். காந்தி என்பார்கள். 1915 ஹரித்வார் கும்பமேளாவின்போது அவர் எடுத்துக்கொண்ட விரதம் தெரிந்ததே: இருபத்துநாலு மணி நேரத்தில் ஐந்து பொருளுக்கு மேல் வாயில் போடுவதில்லை, இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை. கணக்குப் பார்த்தால் ஒரு ரசத்திலேயே புளி, பருப்பு, மிளகு, சீரகம், மிளகாய் என்று ஐந்தும் தீர்ந்துவிடும். சோற்றுக்கு இடமில்லை. எம்.ஜி.ஆர். வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவே கிடையாது, சரி; ஆனால் ராமாவரம் தோட்டத்துப் பந்தியில் நாம் நாற்பதாவது ஆள்.

என் பதில் சீனிவாச ராமானுஜன். அதிலும் அவரை நம் வீட்டுக்குக் கூப்பிடுவதாக இல்லை. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் ஹியூவெல் கோர்ட் அறைக்கு நாம் போக வேண்டும். அடுப்பங்கரையில் அவர் நிற்க வேண்டும். மூன்றாவது தடவை ரசக் கரண்டி நீளும்போது என்ன செய்வதென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் அவர் அறையில் நடந்த ஒரு விருந்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லோரும், மேதைகள் இப்படித்தான் கொஞ்சம் கிறுக்காக இருப்பார்கள் என்று சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அன்று கெட்டுப்போனது பரிமாறலில்தான், மேதைமைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது என்பது என் கட்சி.

நடந்தது இதுதான். முதல் உலகப் போர்க் காலம். அங்கே படித்துக்கொண்டிருந்த கியானேஷ் சந்திர சாட்டர்ஜிக்கு இலா ருத்ரா என்ற பெண்ணோடு திருமணம் நிச்சயமாகியிருந்தது. இருவரையும் ராமானுஜன் தன் அறைக்குச் சாப்பிட அழைத்தார். துணைக்கு மிருணாளினி சட்டோபாத்யாய, அதாவது சரோஜினி நாயுடுவின் தங்கை. சமைத்தவரும் பரிமாறியவரும் ராமானுஜனேதான். முதலில் ரசம் வந்தது, சூப்பாக. நன்றாக இருக்கிறது என்று குடித்தார்கள். இரண்டாவது முறையும் ஊற்றிக்கொண்டார்கள். மூன்றாவது முறை நீட்டியபோது பெண்கள் வேண்டாம் என்றார்கள். பேச்சு தொடர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வீட்டுக்காரரைக் காணோம். சாட்டர்ஜி கீழே இறங்கிப் போய் வாயில்காவலரிடம் விசாரித்தால், டாக்ஸி பிடித்துப் போய்விட்டார் என்று பதில். இரவு வெகு நேரம் காத்திருந்தும் வரவில்லை, மறுநாளும் இல்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி: ஐந்து பவுன் அனுப்ப முடியுமா? கேம்பிரிட்ஜுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல். திரும்பி வந்தபின் அவர் சொன்ன காரணம், தான் பரிமாறியதை அவர்கள் மறுத்தது மனத்தைப் புண்படுத்திவிட்டது, அவர்கள் அங்கே இருக்கும்வரை திரும்ப மனம் வரவில்லை, கையில் இருந்த காசுக்கு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போனேன் என்பது. முகம் மாறிப் பார்த்தால் வாடுவது விருந்தாளி என்றுதான் நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அன்று வாடியது விருந்து வைத்தவர்.

எலுமிச்சையும் உப்பும்

ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறி ஏப்ரலில் லண்டன் போய்ச் சேர்ந்தார். வயது இருபத்தாறு. கும்பகோணத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை. அந்த வீடுகளில் சமையல் என்று சொல்ல மாட்டார்கள், தளிகை. ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது. பரிமாறுவதற்குச் சாதிப்பது என்று பெயர். வெங்காயமும் பூண்டும் உள்ளே வராது. இந்த நியமங்களோடு போனவருக்குக் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் என்ன கிடைக்கும்? இறைச்சியை ஒதுக்கினாலும் உருளைக்கிழங்கு எந்தக் கொழுப்பில் பொரிந்தது என்று தெரியாது. இங்கிலாந்துச் சமையலறைகளில் பன்றிக் கொழுப்பு சர்வ சாதாரணம். முதல் சில மாதங்கள் பாலும் பழமும்தான் காப்பாற்றின என்று ஊருக்கு எழுதியிருக்கிறார். பிறகு தானே ஒன்றிரண்டு பண்டம் செய்துகொள்வது என்று தீர்மானித்துப் புளியும் தேங்காய் எண்ணெயும் தபாலில் வரவழைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கிவிட்டால் நாளுக்கு ஒரு வேளைதான் அடுப்பு, சில சமயம் அதுவும் இல்லை.

இன்னொரு கடிதத்தில் ஒரு வரி வருகிறது, எனக்கு அதுதான் சாவி. நாக்கை நன்றாக அடக்கிவிட்டேன், வெறும் சோற்றில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சைச் சாறும் பிழிந்துகொண்டு எத்தனை காலம் வேண்டுமானாலும் ஓட்டிவிடுவேன் என்கிறார். அந்த ஆள்தான் விருந்துக்கு என்று வந்தபோது ரசம் வைத்தார். தனக்கென்றால் எலுமிச்சையும் உப்பும் போதும். வாரக்கணக்கில் கப்பலில் வந்த புளி, போர் நேரத்தில் அடுத்த பார்சல் எப்போது வரும் என்று தெரியாத புளி, அது விருந்தாளிக்கு. ‘போதும், வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னபோது அவர் காதில் விழுந்தது ரசத்தைப் பற்றிய அபிப்பிராயமாக இருந்திருக்க முடியாது. அறையில் கொடுப்பதற்கு அதைவிடப் பெரிதாக அவரிடம் வேறு ஒன்றும் இல்லை.

அவருக்குப் பல விஷயங்களை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை என்பதும் உண்மை. மகாலனோபிஸ் என்ற வங்காள மாணவர் (பிற்பாடு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் நிறுவியவர்) ஒருநாள், இரவில் குளிருக்குப் போதிய போர்வை இருக்கிறதா என்று கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார் ராமானுஜன். படுக்கையைப் போய்ப் பார்த்தால் கம்பளிகள் எல்லாம் மெத்தையடியில் செருகியபடி அப்படியே இருக்கின்றன. மேல்விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். இங்கிலாந்துக் கட்டிலில் கம்பளியை உருவிவிட்டு உறைக்குள் நுழைவதுபோல உள்ளே போக வேண்டும்; அதை மகாலனோபிஸ்தான் செய்து காட்டினார். கம்பளிக்குள் நுழையத் தெரியாதவரைக் கிறுக்கு என்று நாம் சொல்வதில்லை. கும்பகோணத்துப் பந்தியில் மூன்றாவது கரண்டியை எப்படி மறுப்பது என்று தெரியாத விருந்தாளிகளும் அதே நிலைமையில்தான் இருந்தார்கள், கட்டில் மட்டும் மாறிவிட்டது.

தெளிவும் மண்டியும்

இனி ரசத்துக்கு வருவோம். அன்று அறையில் நாலு பேர். ஒருவருக்கு மூன்று முறை, முறைக்கு ஒரு கோப்பை என்று வைத்தால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லிட்டர் ரசம் வேண்டும். ஒரு ரசத்துக்கு இது பெரிய அளவு. சாதாரண வீட்டில் நாலு பேருக்கு முக்கால் லிட்டரில் முடித்துவிடுவார்கள். ஒன்றே முக்கால் லிட்டருக்குக் கொட்டை நீக்கிய புளி நாற்பது கிராம், துவரம்பருப்பு எழுபது கிராம், பொடிக்கு மிளகு, சீரகம், தனியா, இரண்டு மிளகாய் வற்றல், கொஞ்சம் துவரம்பருப்பு. பெருங்காயம் சுண்டைக்காய் அளவு. தக்காளி கிடையாது, அந்தக் காலத்து ஆசார வீடுகளில் அது சீமைக் காய், உள்ளே நுழைய இன்னும் நாளாகும்.

முதல் சிக்கல் தண்ணீர். கேம்பிரிட்ஜ் சுண்ணாம்புப் பாறைப் பிரதேசம், குழாய்த் தண்ணீர் ரொம்பக் கடினம். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கால்சியம் பருப்பின் தோளிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். காவிரித் தண்ணீரில் முக்கால் மணியில் மலர்கிற துவரம்பருப்பு அங்கே ஒன்றரை மணி கொதித்தும் நடுவில் ஒரு கடுகளவு கல் வைத்திருக்கும். இரவே ஊற வைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறவைத்துத் தெளிந்த தண்ணீரில் வேகப்போட வேண்டும். அல்லது ஆப்பசோடா ஒரு சிட்டிகை, அதற்கு மேல் போனால் சவக்கார வாடை வரும். பருப்பு குழைவதற்கு முன்னால் புளித் தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் தொலைந்தது, புளிப்பு பட்ட பருப்பு அப்புறம் மலராது. இதனால்தான் ரசத்தில் பருப்பு கடைசியில் வருகிறது. ருசிக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கம் அல்ல.

புளியை வெந்நீரில் கால் மணி ஊறவைத்துக் கரைத்து, உப்பும் மஞ்சளும் பெருங்காயமும் பொடியில் பாதியும் போட்டுச் சின்னத் தீயில் கொதிக்க விட வேண்டும். பச்சை வாசனை போய்விட்டதா என்பதற்கு மூக்குதான் சாட்சி; கண்ணுக்கும் அடையாளம் வேண்டுமென்றால், ஊற்றிய மட்டத்திலிருந்து கால் பங்கு இறங்கியிருக்கும். பிறகு கடைந்த பருப்பை நிறையத் தண்ணீரில் கரைத்து விளாவ வேண்டும். விளாவிய பிறகு ரசம் கொதிக்கக் கூடாது. ஓரத்தில் வெள்ளை நுரை கிளம்பி நடுவை நோக்கி வரும், நுரை மூடுகிற நேரத்தில் மீதிப் பொடியைத் தூவி இறக்கிவிட வேண்டும். அரை நிமிடம் தவறினால் நுரை உடைந்து தளபுள என்று கொதிக்கும், மிளகு சீரகத்தின் மணம் ஆவியோடு அறைக்குள் போய்விடும். அறை மணக்கும், ரசம் மணக்காது. நிறைய பேர் வீட்டில் ரசம் மணக்கிறது என்று பாராட்டுவது இப்படி வெளியே போன ரசத்தைத்தான். நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி மூடிவிட்டால், பத்து நிமிடத்தில் மேலே தெளிவும் கீழே மண்டியும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

அந்த விருந்தில் என்ன பிசகியது என்பதற்கு விடை இந்தத் தெளிவிலும் மண்டியிலும் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. சோற்றோடு சாப்பிடும்போது கரண்டிக்கு அறுபது, எழுபது மில்லிதான் விழும். சோறு அதை உறிஞ்சிக்கொள்ளும், காரத்தைப் பாதியாக்கும். மூன்றாவது கரண்டி பாரமாகவே தெரியாது. சூப்பாக ஊற்றினால் கோப்பைக்கு நூற்றைம்பது மில்லி. இரண்டு கோப்பை போனதும் முந்நூறு மில்லி வெறும் புளிப்பும் காரமும் வெறும் வயிற்றில் இறங்கியாயிற்று. போதாதற்கு, பாத்திரத்தில் முதலில் வருவது தெளிவு, கடைசியில் வருவது மண்டி. மிளகு முழுக்க அடியில் கிடக்கிறது. கலக்காமல் மொண்டு மொண்டு ஊற்றினால் மூன்றாவது கோப்பைதான் மூன்றிலும் காரமானது. நம் ஆட்களுக்கு மண்டிதான் சொர்க்கம், அதைச் சோற்றில் பிசைந்து நெய் விட்டுக்கொள்ளச் சண்டையே நடக்கும். வங்காளக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதைக் கோப்பையில் கொடுத்தால்? ஊற்றியவர் நல்லதை மிச்சம் வைத்துக் கடைசியில் கொடுப்பதாக நினைத்திருக்கலாம். வாங்க மறுத்தவருக்கு நாக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்திருக்கும்.

மறுப்பதற்கும் ஒரு முறை உண்டு. பந்தியில் ‘வேண்டாம்’ என்ற சொல்லே கிடையாது; ‘போதும்’ என்பதே கடுமை. கரண்டி வரும்போது உள்ளங்கையை இலைக்கு மேலே குழித்துப் பிடித்து, ‘ஒரு சொட்டு கையில விடுங்கோ’ என்று வாங்கி உறிஞ்சிவிட்டு, ‘மோருக்கு இடம் வேணுமே’ என்றால் போதும். கொடுத்தவர் கொடுத்தாயிற்று, வாங்கியவர் வாங்கியாயிற்று, வயிற்றுக்கும் பங்கமில்லை. ஒரு தேக்கரண்டி ரசத்தில் ஆக்ஸ்போர்டுப் பயணம் நின்றிருக்கும்.

போகிறவர் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. கேக் கூடாது, முட்டை இருக்கும். காய்கறி எடுத்துக்கொண்டு போகலாம். போர் வளர வளர அங்கே நல்ல காய் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு ஈயச்சொம்பு ஒன்று கொண்டுபோக ஆசை. காரீயம் என்று பயப்பட வேண்டாம், அசல் கும்பகோணத்துச் சொம்பு வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் காலியாக அடுப்பில் வைத்தால் ஒரு நிமிடத்தில் அடி ஒழுகிவிடும். எப்போதும் முதலில் நீர், பிறகு தீ. கணக்கு நினைவு வந்து அடுப்பை மறக்கிறவர் வீட்டுக்கு இது ஆபத்தான பரிசுதான். பக்கத்தில் ஆள் நின்றால் பரவாயில்லை.

வாணலியும் தெரு எண்ணும்

பக்கத்தில் நிற்பதுதான் முக்கியம். மகாலனோபிஸ் அதை அனுபவித்திருக்கிறார். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். ராமானுஜன் அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருக்க, இவர் மேஜையருகே உட்கார்ந்து ஸ்ட்ராண்ட் இதழைப் புரட்டினார். அதில் ஒரு புதிர். ஒரு நீளத் தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களைக் கூட்டினாலும் வலப்பக்கம் உள்ளவற்றைக் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் கொஞ்ச நேரம் முயன்று விடையைக் கண்டுபிடித்துவிட்டு, இதோ உங்களுக்கு ஒரு கணக்கு என்று படித்துக் காட்டினார். கிளறுவதை நிறுத்தாமலே, எழுதிக்கொள்ளுங்கள் என்று ராமானுஜன் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார், அதாவது பின்னத்துக்குக் கீழே பின்னமாக நீண்டுகொண்டே போகிற ஒன்றை. அந்த ஒரு தெருவுக்கு மட்டும் அல்ல, எத்தனை வீடுகள் உள்ள தெருவாக இருந்தாலும் எல்லா விடையும் அதில் அடக்கம். எப்படி என்று கேட்டதற்கு, கணக்கைக் கேட்டதுமே இதற்கு விடை தொடர் பின்னம்தான் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று யோசித்தேன், வந்துவிட்டது என்றார்.

இதை அடுப்படியில் நின்றே சரிபார்க்கலாம், காகிதம் வேண்டாம். 3/2 என்று தொடங்குங்கள். மேலும் கீழும் கூட்டினால் புதுக் கீழெண் 5; பழைய மேலெண்ணோடு கீழெண்ணை இருமடங்காக்கிக் கூட்டினால் புது மேலெண் 7. ஆக 7/5. அதே முறையில் 17/12, அடுத்து 41/29. இரண்டின் வர்க்கமூலத்துக்கான தொடர் பின்னத்தை அங்கங்கே நிறுத்தினால் கிடைப்பவை, அந்த மூலத்தை நெருங்கிக்கொண்டே போகிற பின்னங்கள் இவை. இப்போது ஒவ்வொன்றிலும் மேலெண்ணையும் கீழெண்ணையும் பெருக்குங்கள். 3 × 2 = 6. எட்டு வீட்டுத் தெருவில் ஆறாம் வீடு: இடப்பக்கம் ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15, வலப்பக்கம் ஏழும் எட்டும் 15. அடுத்தது 7 × 5 = 35, தெருவில் 49 வீடு. ஐம்பதுக்கு மேல் வேண்டும் என்றாரே, அது 17 × 12 = 204, தெருவில் 288 வீடு. இருபுறமும் தொகை 20,706. இதழில் கேட்ட விடை இதுதான்.

இந்த மனிதருக்குச் சாப்பாடு பிற்பாடு பெரிய பாடாகிவிட்டது. 1917-இல் நோய், ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி; மாட்லாக் சானடோரியத்தில் வேறு யாரோ சமைத்ததை வாயில் வைக்க முடியாமல் கிடந்தார். பார்க்கப் போன நண்பர் ராமலிங்கம் 1918-இல், ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் பாதி உணவைப் பற்றிய கவலைதான். அந்த வருடம்தான் ராயல் சொசைட்டி, டிரினிட்டி ஃபெலோ எல்லாம் வந்தன. 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் முடிந்தது. முப்பத்திரண்டு வயது. மாட்லாக்குக்கு யாரும் சாப்பிடப் போக வேண்டாம். போவதானால் 1914 குளிர்காலம், ஹியூவெல் கோர்ட், கையில் ஒரு புதிர், மதியம் பன்னிரண்டரை. மூன்றே பேர் போதும், ரசம் ஒரு லிட்டருக்குள் நிற்கும். சூப்பாக வேண்டாம், சோறு வடித்தாகட்டும்.

புளித் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். அதற்குள் அடுத்த தெருவையும் பார்த்துவிடலாம்: 41 × 29 = 1189, வீடுகள் 1681. அதற்கு அடுத்தது 99/70. பெருக்க ஆரம்பிப்பதற்குள் அவர் விளாவியிருப்பார், ஓரத்தில் நுரை கிளம்பியிருக்கும். அதை இறக்குங்கள் முதலில்.